வெயிலில் வெளுக்காத பீங்கானும் வெளுத்துப்போன சிவப்புக் காரும்!

விருத்தாசலத்தில் மின்கம்பத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் இரண்டு ரகம். கரன்ட் போனதால் பார்ப்பவர்கள் ஒரு ரகம். கம்பத்தின் உச்சியில் குந்தியிருக்கும் பழுப்பு நிறப் பீங்கானைப் பார்ப்பவர்கள் இன்னொரு ரகம். பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் அந்தப் பீங்கானைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள்.

61 வயதாகும் அவரும் அந்த ரகம்தான். பேட்டையில் அவருக்கு 'கிளேஸ்காரர்' என்று பெயர். காய்ந்த பியூஸ் கேரியர்களை கிளேஸ் குழம்பில் முக்கி எடுத்து, அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, சூளைக்கு அனுப்புவதுதான் அவர் 28 வருடங்கள் செய்த வேலை. குழம்பு கொஞ்சம் தண்ணியாக இருந்தால் பூச்சு மெலிந்துவிடும். கெட்டியாக இருந்தால் சூளையில் வழிந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கையை விட்டுப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார்.

பக்கத்தில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது கிடைக்கும் வெள்ளைக் களிமண் இந்த ஊருக்கு ஒரு தொழிலையே கொடுத்தது. பியூஸ் கேரியர், கோப்பை, அகல் விளக்கு, கொலு பொம்மை என்று விருத்தாசலத்தில் செய்யாத பீங்கான் கொஞ்சம்தான். பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு கல்வி நிறுவனமும் இங்கே இருக்கிறது. ஆனால், காலம் மாற மாற பல யூனிட்டுகள் மூடப்பட்டன. அவர் வேலை பார்த்த யூனிட்டும் 2013-ல் மூடியது. கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு அந்தக் குடும்பம் வாங்கியதுதான் சிவப்பு கலர் ஹேட்ச்பேக் கார்.

சிவப்பைத் தேர்ந்தெடுத்தது மனைவி. அவரும் பேட்டையில்தான் பொம்மைகளுக்குக் கலர் தீட்டிக்கொண்டிருந்தார். "ஊர்ல பாதிப் பேரு வெள்ளைக் காரு வெச்சிருக்கான். நமக்கு அம்மன் புடவை கலர்ல வேணும்" என்றாராம். அப்போது யாரும் மறுபேச்சு பேசவில்லை.

கார் வந்தது. நிற்க நிழல்தான் இல்லை. வாசலில் நின்ற வேப்பமரத்தை 2011 டிசம்பர் 30-ம் தேதி கரையைக் கடந்த தானே புயல் சாய்த்துவிட்டது. கடலூர் மாவட்டத்தில் அந்த ஒரு நாளில் விழுந்த பலாவும் முந்திரியும் எத்தனை வீட்டுச் சோற்றைக் கெடுத்தது என்று பண்ருட்டிப் பக்கம் இன்றும் சொல்வார்கள். இவர்கள் வீட்டில் விழுந்தது ஒரே ஒரு வேம்பு. அதனால் கார் 12 வருடங்கள் மொட்டை வெயிலில் நின்றது.

முதல் நான்கைந்து வருடங்கள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கூரையில் பளபளப்பு மங்கியது. பிறகு பானெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. கடைசியில் கூரையில் மெல்லிய தோல்போல உரிய ஆரம்பித்தது. கதவுகள் மட்டும் ஓரளவு சிவப்பாகவே இருந்தன. இது ஏன் இப்படி மேல்பக்கமாகவே வருகிறது என்பதற்கு விடை எளிது. உச்சி வெயில் நேராக விழுவது கூரை மீதும் பானெட் மீதும்தான். கதவுகளுக்குச் சாய்வாகத்தான் விழும்.

காரின் பெயின்ட்டைப் பலரும் ஒரே பூச்சு என்று நினைத்துக்கொள்கிறோம். துருப்பிடிக்காமல் இருக்க ஒரு அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத 'கிளியர் கோட்'. நான்கும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பளபளப்பைத் தருகிற, கலரைக் காக்கிற கிளியர் கோட் மட்டும் கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிர்கள் அந்தப் பூச்சின் நீண்ட வேதிச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். அது பலவீனமானதும் அடியில் உள்ள கலருக்குப் பாதுகாப்பு போய்விடும். சிவப்பு நிறமிகளில் பல, மற்ற கலர்களைவிடச் சீக்கிரம் வெளுக்கும் குணம் கொண்டவை.

வெயில் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. காக்கை எச்சத்தில் அமிலம் இருக்கிறது. சித்திரை மாதத்தில் சூடேறி இளகிய பெயின்ட் மீது அது விழுந்து காய்ந்தால், துடைத்த பிறகும் தடம் நிற்கும். போர்வெல் தண்ணீரில் கழுவிவிட்டு வெயிலிலேயே காயவிட்டால் உப்புப் புள்ளிகள். அரியலூர் பக்கம் போய்வந்தால் சிமென்ட் லாரிகளின் தூசி. கிராமத்துச் சாலைகளில் காயப்போட்டிருக்கும் நெல்லையும், வண்டி ஏறி உதிரட்டும் என்று பரப்பியிருக்கும் உளுந்துச் செடியையும் இந்தப் பகுதியில் கார் ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். அது வண்டியின் அடியில் சுற்றிக்கொள்வது தனிக்கதை.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் இந்தக் காரை ரொம்ப நாளாகவே கவனித்து வந்தான். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஒரு முடிவோடு ஊருக்கு வந்தான். காருக்கு 'ராப்' பண்ணப்போவதாகச் சொன்னான். செல்போனில் படம் காட்டினான். மேட் கறுப்பில், துளி பளபளப்பு இல்லாத ஒரு கார்.

"பெயின்ட் அடிக்கிறதா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லப்பா. ஸ்டிக்கர் மாதிரி. கார் ஃபுல்லா ஒட்டிடுவாங்க. வேணாம்னா பின்னாடி உரிச்சுக்கலாம்."

"எவ்ளோ?"

மகன் 55,000 ரூபாய் என்றான். அப்பா எதுவும் சொல்லவில்லை. கல்யாணப் பந்தலுக்குக் கேட்டிருந்த தொகைக்கு அது அதிகமா, குறைவா என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார். அம்மாதான் சத்தம் போட்டார். "கறுப்புக் காருல எம் பொண்ண நான் ஏத்த மாட்டேன், பாத்துக்க!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனும் அந்தக் காரிலேயே புதுச்சேரிக்குப் போனார்கள். இந்த வேலையை மட்டுமே செய்யும் கடை அது. உள்ளே ஏசி ஓடியது. தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். ஒரு புதுக் காரின் பம்பரில் இரண்டு பையன்கள் சோப்புத் தண்ணீர் தெளித்து, கண்ணாடி மாதிரியான ஒரு தாளை விரித்து, ரப்பர் பட்டையால் தண்ணீரை வழித்து வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கிளேஸ் பிரிவிலும் முதல் வேலை தூசியை விரட்டுவதுதான். காய்ந்த சாமானில் துளி தூசியோ கை எண்ணெயோ இருந்தால், சூளையில் கிளேஸ் அந்த இடத்தை விட்டு விலகிச் சுருண்டுவிடும். அதனால் அந்தப் பையன்கள் தரையைக் கழுவியதைப் பார்த்ததுமே அவருக்குக் கடை மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

"தம்பி, இதுதான் அந்த ராப்பா?"

"இல்லைங்கய்யா, இது பி.பி.எஃப்." என்றான் ஒரு பையன். பெயின்ட் புரொடக்‌ஷன் ஃபிலிம்.

இந்த இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். கடைக்காரர்கள் சிலரும் அவசரத்தில் ஒன்றாகவே பேசிவிடுகிறார்கள். ராப் என்பது வினைல், அதாவது பி.வி.சி. பிளாஸ்டிக். 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். அதன் வேலை கலரை மாற்றுவது. பி.பி.எஃப். என்பது பாலியூரித்தேன் என்ற வேறொரு பொருள். தடிமன் 150 முதல் 200 மைக்ரான். அதாவது காரின் மொத்த பெயின்ட்டையும்விடக் கனம். இழுத்தால் ரப்பர்போல நீளும். முன்னால் போகும் லாரியிலிருந்து தெறிக்கும் ஜல்லியின் அடியைத் தாங்கிக்கொள்வதுதான் இதன் முதல் வேலை. வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர்களின் இறக்கைகளை மணலும் கல்லும் அரித்துவிடாமல் காக்கப் பிறந்த பொருள் இது. பிறகு பந்தயக் கார்களுக்கு வந்து, இப்போது நம்மூர் ஷோரூம் வரை வந்துவிட்டது. ஆரம்பத்தில் வந்த படலங்கள் வெயிலில் மஞ்சளாகிவிடும் என்ற கெட்ட பெயர் இருந்தது. இப்போதைய நல்ல தயாரிப்புகளில் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. நல்ல படலத்தின் மேற்பூச்சில் மெல்லிய கீறல் விழுந்தால், வெயில் சூட்டிலோ வெந்நீர் ஊற்றினாலோ தானாகவே மறையும். பையன் ஒரு துண்டுப் படலத்தைப் பித்தளைப் பிரஷ்ஷால் கீறி, சுடுதண்ணீர் ஊற்றிக் காட்டினான். கீறல் காணாமல் போனது. அப்பா அதை மறுபடியும் ஒருமுறை செய்து காட்டச் சொன்னார்.

சுவரில் மூன்றாவதாக ஒரு விளம்பரம். 'செராமிக் கோட்டிங்.' அதைப் படித்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை மகன் இன்றும் சொல்லிச் சிரிக்கிறான்.

"செராமிக்கா? எத்தனை டிகிரியில சுடுவீங்க தம்பி?"

"சுட மாட்டோம் ஐயா. துணியில நனைச்சுத் தடவி, துடைச்சு விடுவோம்."

"சுடாம எப்படிப்பா செராமிக்?"

பையனிடம் பதில் இல்லை. கேள்வி நியாயமானதுதான். சிலிக்கா சார்ந்த திரவம் என்பதால் அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். பூசினால் காற்றிலேயே இறுகி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்காக நிற்கும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், அழுக்கு சுலபமாகப் போகும், பளபளப்பு கூடும். கல்லடியைத் தாங்காது. முத்து முத்தாக நிற்கும் போர்வெல் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் உப்புப் புள்ளியும் விழத்தான் செய்யும். பேட்டையில் கிளேஸ் என்றால் வேறு சமாச்சாரம். 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது உருகி, அடியில் இருக்கும் மண்ணோடு கலந்து, கண்ணாடியாக இறுகும். மேலே ஒட்டிக்கொண்ட பொருளாக இல்லாமல் மண்ணின் பகுதியாகவே ஆகிவிடும். அதன் நிறங்களும் உலோக ஆக்சைடுகள். பழுப்புக்கு இரும்பு, நீலத்துக்கு கோபால்ட், பச்சைக்கு குரோமியம். வெயில் அவற்றை ஒன்றும் செய்யாது. பேட்டைக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கும் உடைசல்களைக் கிளறினால் பல வருடத்துக்கு முந்தைய துண்டும் கழுவிவைத்த மாதிரி மின்னும். கம்பத்து உச்சியில் நிற்கும் பீங்கானுக்கு ஒரு நாளாவது யாராவது பாலிஷ் போட்டிருப்பார்களா?

காரை அப்படிச் செய்ய முடியாது. தொழிற்சாலையில் கிளியர் கோட்டை சுமார் 140 டிகிரியில்தான் வேகவைக்கிறார்கள். அதற்கு மேல் போனால் காரில் உள்ள பிளாஸ்டிக்கும் ரப்பரும் என்ன ஆகும்? ஆகவே காருக்குப் போடுகிற எந்தப் பூச்சும் படலமும் வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத் தின்னக் கொடுக்கிற பொருள்தான். அதைத் தெரிந்துகொண்டு காசு கொடுத்தால் ஏமாற்றமில்லை. வினைல் ராப் விற்கும் பெரிய நிறுவனங்களே இதை ஒளிக்கவில்லை. கூரை, பானெட் மாதிரி வானம் பார்த்த பகுதிகளுக்கும், கடும் வெயில் ஊர்களுக்கும் உத்தரவாதக் காலத்தைக் குறைத்தே எழுதுகிறார்கள். அந்தப் பொடி எழுத்தை வாங்குகிறவர்கள்தான் படிப்பதில்லை.

கடைப் பையன் சிவப்புக் காரைச் சுற்றி வந்தான். ஒரு டேப்பை எடுத்துக் கூரையில் ஒட்டி, அழுத்தி, சட்டென்று இழுத்தான். டேப்போடு பிளாஸ்டிக் சருகு மாதிரி கிளியர் கோட் வந்தது.

"அண்ணா, இது மேல ஒட்ட முடியாது. ஒட்டுனா ரெண்டு மாசத்துல தூக்கிக்கும். பின்னாடி உரிக்கும்போது இருக்கிற பெயின்ட்டும் சேந்து வந்துடும்" என்று மகனிடம் சொன்னான்.

55,000 ரூபாய் வேலையை வேண்டாம் என்று சொன்ன பையனை அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மகனுக்குத்தான் முகம் வாடிப்போனது. பழைய பெயின்ட்டை மறைக்கத்தான் ராப் என்று பலரையும் போல அவனும் நினைத்திருந்தான். உண்மையில் நல்ல பெயின்ட் மேல்தான் ராப் நிற்கும். அடி உரிந்திருந்தால், மேலே எவ்வளவு விலை உயர்ந்த படலமும் உரியும் தோலின் மேல் போட்ட பிளாஸ்திரிதான்.

திரும்பி வரும் வழியில் மகன் இன்னொரு வழி யோசித்தான். முழுக் காருக்கும் பெயின்ட் அடித்து, அதன்மேல் கறுப்பு ராப். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "ஆர்.சி. புக்குல என்ன கலர் போட்டிருக்கு?"

அதை அவன் யோசிக்கவே இல்லை. காரின் நிறம் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சிவப்புக் காரைக் கறுப்பாக்கினால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து ஆர்.சி.யிலும் நிறத்தை மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும். ஸ்டிக்கர்தானே, உரித்துவிடலாமே என்று சாலையில் போலீஸ்காரரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. நிறமே இல்லாத பி.பி.எஃப். ஒட்டினால் இந்தத் தொல்லை கிடையாது. 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது கார் கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிமுக்கு. அதையும் இதையும் குழப்பிக்கொண்டு பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். படலம் ஒட்டினால் காருக்குள் சூடு குறையும் என்று சிலர் நம்புகிறார்கள். உள்ளே வரும் வெயிலில் பெரும்பகுதி கண்ணாடி வழியாகத்தான் வருகிறது. வெள்ளைக் காருக்குக் கறுப்பு ராப் போட்டால் தகடு இன்னும் அதிகமாகத்தான் சுடும். மேட் கறுப்பு சென்னை ஷோரூம் விளக்கில் அழகு. அக்னி நட்சத்திரத்தில் விருத்தாசலம் ஜங்ஷன் வாசலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டுக் கதவைத் தொட்டுப் பார்த்தால்தான் அதன் விலை தெரியும்.

வீட்டில் பேச்சுவார்த்தை இரண்டு நாள் நடந்தது. இந்த ஊர் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னை சுந்தரர் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். காரில் போட்ட பணத்தை எந்தக் குளத்தில் தேடுவது என்று அம்மா கேட்டார். கடைசியில் முடிவானது இதுதான். கூரைக்கும் பானெட்டுக்கும் மட்டும் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, அதே சிவப்பு பெயின்ட். மீதிப் பணத்தில் வாசலில் இரும்புக் குழாய் நட்டு, மேலே தகரம் போட்டு ஒரு கார் ஷெட். தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று.

பெயின்ட் வேலை விருத்தாசலத்திலேயே நடந்தது. அப்பா தினமும் போய் நின்றார். சுரண்டியது போதாது, இன்னும் தேய் என்று பெயின்டரை வதைத்திருக்கிறார். "கிளேஸ் பதம் பாக்குற மாதிரி பாக்குறாரு சார் உங்க அப்பா" என்று பெயின்டர் மகனுக்கு போன் செய்து புலம்பினார். பெயின்ட் அடித்து முடித்ததும் மேலே ஒரு செராமிக் கோட்டிங் போட்டுவிடலாமா என்று மகன் கேட்டான். புது பெயின்ட்டுக்குள் இருக்கும் தின்னர் ஆவி வெளியேற சில வாரங்கள் ஆகும், அதற்குள் எதையும் மேலே போட்டு அடைக்கக் கூடாது என்று பெயின்டர் சொல்லிவிட்டார். படலம் ஒட்டுவதானாலும் இதே கணக்குதான். அப்புறம் கல்யாண வேலையில் அந்தப் பேச்சே எழவில்லை.

கல்யாணத்தன்று கார் இரண்டு சிவப்பில் இருந்தது. மேலே குங்குமம். கதவுகளில் கொஞ்சம் வெளிறிய செங்கல். அம்மா அதற்கும் வழி வைத்திருந்தார். கதவை மறைக்கிற மாதிரி சாமந்தி மாலையை நீளமாகத் தொங்கவிடச் சொன்னார். போட்டோவில் ஒன்றும் தெரியவில்லை.

ஆறு மாதம் கழித்து மகன் தனக்கென்று ஒரு புதுக் கார் வாங்கினான். வெள்ளை. இந்த முறை ஷோரூமிலிருந்து எடுத்த வாரமே, பெயின்ட்டில் கீறல் விழும் முன்பே பி.பி.எஃப். ஒட்டினான். முழுக் காருக்கு லட்ச ரூபாயைத் தாண்டும் என்றார்கள். அப்பாவுக்கு போன் செய்து கேட்டான். "கல்லு எங்க படும்? முன்னாடிதானே? முன்னாடி மட்டும் போடு" என்றார். பம்பர், பானெட், பக்கக் கண்ணாடிகளின் முதுகு, கதவுக் கைப்பிடிக் குழி. அவ்வளவுதான் ஒட்டினான். ஓரங்களில் பிரஷர் பைப்பைக் கிட்டே வைத்துத் தண்ணீர் அடிக்காதே, காக்கை எச்சத்தை அன்றன்றே துடை என்று கடையில் சொன்ன இரண்டு எச்சரிக்கையையும் எழுதி வைத்திருக்கிறான்.

இந்த மே மாதம் அந்த வெள்ளைக் கார் முதன்முறையாக ஊருக்கு வந்தது. மதியம் 1 மணி. உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதிலிருந்து கண்ணைத் திறக்க முடியாத வெயில் என்று சொல்லிக்கொண்டே மகன் இறங்கினான். ஷெட்டில் ஒரு காருக்குத்தான் இடம். அப்பா சாவியை எடுத்துக்கொண்டு சிவப்புக் காரை வெளியே நகர்த்தப் போனார்.

"ஏங்க, அதை எங்க எடுக்குறீங்க?" என்று வாசற்படியிலிருந்து அம்மா கேட்டார்.

"புது வண்டி. பையன் தூரத்திலேர்ந்து வந்திருக்கான்."

"அந்த வண்டிக்குத்தான் பிளாஸ்டிக்ல சட்டை தெச்சுப் போட்டிருக்கானே. வெளியவே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா மோர் எடுக்க உள்ளே போனார்.